எப்படியும் ஜெயிக்கப்போகிறவனை ஏன் பார்க்கிறார்கள்? அனிமேயின் 'ஓபி' நாயகர்கள்

2025ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோவில், அனிமே எனும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களை இணையத்தில் வழங்கும் கிரஞ்சிரோல் நிறுவனம் நடத்திய அனிமே விருது விழாவில் 'சோலோ லெவலிங்' ஆண்டின் சிறந்த அனிமே விருதைத் தட்டிச் சென்றது. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய 'ஃப்ரீரன்' அதே பிரிவில் போட்டியிட்டுத் தோற்றது. அதைத் தொடர்ந்து இணையத்தில் பெரிய வாக்குவாதம். ஒருவன் அடிக்கிறான், மற்றவர்கள் விழுகிறார்கள், இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்டது ஒரு தரப்பு. அந்த அடியைப் பார்க்கத்தானே உட்கார்ந்தோம் என்றது இன்னொரு தரப்பு.

சிங்கப்பூரில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. நெட்ஃபிளிக்ஸிலும், மியூஸ் ஏஷியாவின் யூடியூப் ஒளிவழியிலும் இத்தகைய தொடர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. கிரஞ்சிரோல் சிலவற்றுக்குத் தமிழ்க் குரலும் சேர்த்துவிட்டது. பிள்ளை பார்ப்பதை எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கு எல்லாமே ஒரே கதையாகத் தெரிகிறது: கறுப்பு உடை, நீல ஒளி, ஒரே வீச்சில் சாயும் அரக்கன். முடிவு முன்கூட்டியே தெரிந்த சண்டையில் என்ன சுவாரசியம்?

முதலில் நான்கு சொற்கள்

1. ஓபி: 'ஓவர்பவர்ட்' என்பதன் சுருக்கம். இணைய விளையாட்டுகளிலிருந்து வந்த வழக்கு. எதிராளிகளுக்கு எட்டவே எட்டாத பலம் கொண்டவர்.

2. இசெக்காய்: வேற்றுலகக் கதை. நம் உலகில் செத்தோ, இழுக்கப்பட்டோ இன்னோர் உலகில் போய் விழும் நாயகனின் கதை. ஓபி கதைகளில் பாதி இந்த வகை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'ரீ:ஜீரோ' நாயகன் சுபாரு வேற்றுலகம் போயும் பலவீனன்தான்.

3. சீட்: வேற்றுலகம் போகும்போது நாயகனுக்கு மட்டும் கிடைக்கும் குறுக்குவழிச் சக்தி.

4. ஸ்டேட்டஸ் விண்டோ: நாயகனின் கண்முன் மிதக்கும் பலகை. வலிமை, வேகம், அறிவு எல்லாம் எண்களாக அதில் இருக்கும். காகிதம், பகடை வைத்து ஆடிய பழைய கற்பனை விளையாட்டுகளில் பிறந்து, 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' போன்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டுகள் வழியாகக் கதைக்குள் நுழைந்த சங்கதி.

வெறுமனே பலசாலியாக இருப்பவர் எல்லாம் ஓபி ஆகிவிட மாட்டார். 'டிராகன் பால்' கோக்கு பெரிய பலசாலி. ஆனால் அவரைவிடப் பெரியவர் ஒருவர் எப்போதும் அடுத்த திருப்பத்தில் காத்திருப்பார். அந்தக் கதை வெளிவந்த 'ஷோனென் ஜம்ப்' இதழின் தாரக மந்திரம் நட்பு, முயற்சி, வெற்றி. வெற்றி கடைசியில்தான் வரும். ஓபி கதை வெற்றியை முதலிலேயே கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பேசத் தொடங்குகிறது.

எங்கே முளைத்தது

2004இல் ஜப்பானில் 'ஷோசெத்சுகா நி நரோ' என்ற தளம் தொடங்கியது. யாரும் கதை எழுதிப் பதிவேற்றலாம், யாரும் காசில்லாமல் படிக்கலாம். 'முஷோக்கு டென்செய்', 'ரீ:ஜீரோ' இரண்டும் 2012இல் அங்கே தொடராக வந்தவை. சேற்றுருண்டை போன்ற 'ஸ்லைம்' ஆக மறுபிறவி எடுக்கும் ரிமுருவின் கதை 2013இல் தொடங்கியது. எல்லாம் பிறகு புத்தகமாகி, மங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதையாகி, அனிமேயாகின.

அந்தத் தளத்தின் அமைப்பே கதையின் அமைப்பையும் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. வாசகர்கள் புத்தகக்குறி இடுவார்கள், புள்ளி கொடுப்பார்கள். புள்ளி தரவரிசையாகும். தரவரிசையில் மேலே இருக்கும் கதைதான் புதிய வாசகர் கண்ணில் படும். சின்னச் சின்ன அத்தியாயங்களாக வரும் தொடரில் நாயகன் பத்து அத்தியாயம் தொடர்ந்து அவமானப்பட்டால் வாசகர் அடுத்த கதைக்குப் போய்விடுவார், அங்கே ஆயிரக்கணக்கில் கதைகள் இருக்கின்றன. அதனால் துன்பம் சுருங்கியது, வெற்றி முன்னால் வந்தது. பட்டியலில் தலைப்பைப் பார்த்துத்தான் சொடுக்குவார்கள் என்பதால் கதைச் சுருக்கமே தலைப்பாக நீண்டது. வேற்றுலகக் கதைகள் பட்டியலை அடைத்துக்கொண்டதில், 2016இல் அந்தத் தளமே அவற்றுக்குத் தரவரிசையைத் தனியாகப் பிரித்துவிட்டது.

கொரியாவிலும் இதே கதைதான். 'சோலோ லெவலிங்' 2016இல் இணைய நாவலாகத் தொடங்கி, வெப்டூன் எனும் இணையச் சித்திரக்கதையாகி, 2024 ஜனவரியில் அனிமேயானது. கொரிய இணைய நாவல் வாசகர்கள் இழுத்தடிக்கும் அத்தியாயத்தைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று திட்டுவார்கள், தண்ணீரில்லாமல் விழுங்கியதுபோல நெஞ்சில் நிற்கிறதாம். நாயகன் பொறுத்தது போதுமென்று எழுந்து பதிலடி கொடுக்கும் அத்தியாயத்துக்குப் பெயர் சைடர், அதாவது சோடா. கிழங்குக்கும் சோடாவுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதுதான் அங்கே எழுத்தாளரின் தொழில்.

கேள்வி இடம் மாறுகிறது

சாதாரணச் சாகசக் கதையில் வாசகர் கேட்பது, இவன் ஜெயிப்பானா? ஓபி கதையில் அந்தக் கேள்விக்கு வேலையில்லை. அதன் இடத்தில் வேறு கேள்வி வந்து உட்காருகிறது: இவன் யாரென்று மற்றவர்களுக்கு எப்போது தெரியும்? பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருக்கும் அந்த இடைவெளியில்தான் சுவாரசியம் முழுவதும் இருக்கிறது. அடி விழும் நொடியைவிட, அடிக்கு முன்னால் எதிராளி இளக்காரமாகச் சிரிக்கும் நொடிதான் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

நமக்கு இது புதிதும் அல்ல. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதித் திருவிழாவையொட்டிப் பாரத நிகழ்வுகள் சடங்காக நடத்தப்படுகின்றன, எனவே அந்தக் கதை இங்கே பலருக்கும் பழக்கமானது. அதில் விராட பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் பிருகன்னளையாக இளவரசிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். கௌரவர் படை பசுக்களைக் கவர வருகிறது. வாய்வீரம் பேசிக் கிளம்பிய இளவரசன் உத்தரன் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். அவனைப் பிடித்து இழுத்து வந்து, வன்னி மரத்திலிருந்து காண்டீவத்தை இறக்கச் சொல்லி, பீஷ்மர், துரோணர், கர்ணன் என்று மொத்தப் படையையும் தனியாளாக விரட்டுகிறது அந்தப் பேடி வேடம்.

யார் ஜெயிப்பார் என்ற சந்தேகம் கேட்பவருக்கு ஒரு கணமும் கிடையாது. அதற்குப் பிறகு வருவதுதான் உச்சம். விராட மன்னன் வெற்றியைத் தன் மகனுடையதென்று புகழ்கிறான். பக்கத்தில் கங்கன் என்ற பெயரில் இருக்கும் தருமன், பிருகன்னளை தேரில் இருந்தால் வெல்லாமல் எப்படி என்கிறான். ஆத்திரத்தில் மன்னன் பகடைக் காயை வீச, தருமன் மூக்கில் ரத்தம் வழிகிறது. பெருமை தவறான ஆளுக்குப் போகிறது, சரியான பெயரைச் சொன்னவர் அடிவாங்குகிறார். இன்றைய ஓபி அனிமே எழுத்தாளர் இதைவிடச் சிறப்பாக ஒரு காட்சியை அமைத்துவிட முடியாது. நம் திரையில் ஆட்டோக்கார மாணிக்கம் கம்பத்தில் கட்டுண்டு அடிவாங்கியபோது அரங்கம் பொறுமையாக உட்கார்ந்திருந்ததும் இதே கணக்கில்தான்.

தவறான மதிப்பெண்

இங்கிருந்து பார்த்தால் ஓபி கதைகளில் ஒரு பெரும்பகுதி, மதிப்பீடு தவறிய கதைகள் என்று புரியும். 'ஒன் பஞ்ச் மேன்' இதை நேரடித் தேர்வாகவே வைத்துவிட்டது.

சைத்தாமா, 25 வயது, வழுக்கைத் தலை, ஒரே குத்தில் யாரையும் முடிப்பவர். வேலை தேடி அலைந்து கிடைக்காத நாளில் நாயகனாக முடிவெடுத்தவர். வீரர் சங்கத்தின் தேர்வுக்குப் போகிறார். உடல்திறனில் முழு மதிப்பெண், எல்லாச் சாதனையும் தகர்கிறது. எழுத்துத் தேர்வு சொதப்பல். மொத்தம் நூற்றுக்கு 71, தேர்ச்சிக்கு வேண்டியது 70. ஆகவே அவர் கடைசி வகுப்பான சி பிரிவு. அவருக்குச் சீடனாகச் சேர்ந்த ஜெனோஸ் நூற்றுக்கு நூறு வாங்கி உச்ச வகுப்பான எஸ் பிரிவு. நகரத்தைக் காப்பாற்றிய பிறகும் மக்கள் சைத்தாமாவை மற்றவர் உழைப்பைத் திருடுகிறவர் என்கிறார்கள். கடலரசன் என்ற அரக்கனை வீழ்த்திய இடத்தில் அவரே, மற்ற வீரர்கள் அவனைக் களைப்பாக்கி வைத்திருந்ததால்தான் தன்னால் முடிந்தது என்று பொய் சொல்லிப் பெருமையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். சண்டைக் காட்சிகளை மறந்துவிடலாம், இந்த இடம் மனத்தில் நிற்கும்.

'சோலோ லெவலிங்' அதையே கண்ணீரோடு சொல்கிறது. அந்த உலகில் அரக்கர்களைக் கொல்லும் வேட்டையாளருக்குச் சக்தி விழிக்கும்போதே ஈ முதல் எஸ் வரை தரம் குறிக்கப்படும். குறித்தது குறித்ததுதான், உழைத்து ஏற முடியாது. தாயின் மருத்துவச் செலவுக்காக வேட்டைக்குப் போகும் ஜின்வூவுக்கு ஈ தரம், உலகின் பலவீனமான வேட்டையாளன் என்ற பட்டமும் கூடவே. அவனுக்கு மட்டும் வளரும் வழி திறக்கிறது. ஆனால் அவன் அட்டையில் ஈ என்றே இருக்கிறது. பிற்பாடு மறுபரிசோதனைக்குப் போகும்போது கருவி அளக்க முடியாமல் திணறுகிறது.

'ஓவர்லார்ட்' இதைத் தலைகீழாக்குகிறது, அதனால் எனக்கு அது இன்னும் பிடிக்கும். ஒரு சாதாரணச் சம்பளக்காரர் மூடப்படும் இணைய விளையாட்டின் கடைசி இரவில் உள்ளே இருந்து, தன் எலும்புக்கூட்டு மந்திரவாதி உருவத்திலேயே மாட்டிக்கொள்கிறார். பலம் உண்மை. ஆனால் பரிவாரம் அவரை ஆயிரம் படி முன்னால் யோசிக்கும் மேதை என்று நம்புகிறது. அவரோ கண்ணாடி முன் நின்று கம்பீரமாகப் பேசிப் பழகுகிறார், கீழே இருப்பவர் கேள்வி கேட்டால் உள்ளுக்குள் நடுங்குகிறார். புதிதாக மேலாளர் பதவிக்கு வந்தவர்களுக்கு இது சண்டைக் கதையே அல்ல.

தவறாத மதிப்பெண்

இப்போது ஸ்டேட்டஸ் விண்டோவுக்கு வரலாம். உலகம் கொடுத்த மதிப்பெண் தவறு என்று கொதிக்கும் அதே கதை, நாயகன் கண்முன் ஒருபோதும் தவறாத மதிப்பெண் பலகையைத் தொங்கவிடுகிறது. ஜின்வூவுக்குத் தினமும் பணி வருகிறது: 100 புஷ்-அப், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம். செய்தால் புள்ளி ஏறும். செய்யாவிட்டால் ராட்சதப் பூரான்கள் துரத்தும் பாலைவனத்தில் தண்டனை. உழைப்பு ஒரு துளியும் வீணாகாது, எல்லாம் கணக்கில் ஏறும், அதுவும் உடனே.

சைத்தாமா மூன்றாண்டு செய்த பயிற்சியும் அச்சு அசல் இதே பட்டியல்தான். அங்கே அது நகைச்சுவை. இதெல்லாம் யாரும் செய்யும் சாதாரணப் பயிற்சி, இதனால் இந்தப் பலம் வந்திருக்கவே முடியாது என்று ஜெனோஸ் கொதிக்கிறான். ஒரு கதை கிண்டலடித்த பட்டியலை இன்னொரு கதை அப்படியே எடுத்துப் புனிதச் சடங்காக்கிவிட்டது. புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று தேசிய சேவையில் ஐபிபிடி எனும் உடல்தகுதித் தேர்வு எடுத்தவர்கள் இரண்டையும் பார்த்து வேறுவிதமாகச் சிரிப்பார்கள்.

ஆக, இந்தக் கதைகளுக்குள் இரண்டு ஆசைகள் ஒன்றுக்கொன்று முரணாகக் குடியிருக்கின்றன:

1. என்னை அளந்த கோல் தவறு.
2. தவறே செய்யாத கோல் ஒன்று வேண்டும்.

தரவரிசையை எதிர்க்கும் கதைபோலத் தோன்றினாலும் இவற்றில் பெரும்பாலானவை தரவரிசையை மனதார நம்புகின்றன. நாயகன் ஏணியை உடைப்பதில்லை, அதன் உச்சியில் போய் நிற்கிறான். என் பார்வையில் இந்த வகையின் வசீகரமும் அதன் எல்லையும் இதே இடத்தில்தான் இருக்கின்றன.

'ஃப்ரீரன்' மட்டும் இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கிறது. அதில் வரும் ஆயிரம் வயது கடந்த மந்திரக்காரி ஃப்ரீரனும் ஓபிதான், ரசிகர்கள் சண்டையில் மறந்துபோவது இதை. அங்கே அரக்கர்களுக்கு மந்திர ஆற்றலின் அளவே அந்தஸ்து. அதை மறைப்பது என்ற எண்ணமே அவர்களுக்கு வராது. அவுரா என்ற அரக்கி கையில் ஒரு தராசு, இருவர் ஆன்மாவையும் வைத்தால் யாருக்கு ஆற்றல் அதிகமோ அவர் மற்றவரை ஆட்டிவைக்கலாம். ஃப்ரீரனோ தன் ஆற்றலை வாழ்நாள் முழுக்க அடக்கிக் காட்டியவள். "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" என்ற குறளை அவுரா மீறவில்லை, ஒழுங்காகத்தான் தூக்கிப் பார்த்தாள். தராசும் பொய் சொல்லவில்லை. எதிராளி காட்டிய அளவை அவள் நம்பியதுதான் கோளாறு.

ஜப்பானியப் பொருளாதாரம் மட்டும் காரணமா?

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. ஜப்பானில் 1990களிலிருந்து பொருளாதாரம் தேங்கியது, நிரந்தர வேலை அரிதானது, அலுத்துப்போனவர்கள் வேற்றுலகக் கனவில் தஞ்சம் புகுந்தார்கள். ரிமுரு முன்பிறவியில் 37 வயது நிறுவன ஊழியர், 'முஷோக்கு டென்செய்' நாயகன் 34 வயதில் வேலையில்லாமல் வீட்டுக்குள் முடங்கியவர். விளக்கம் பொருந்துகிறது. ஆனால் அது கடல் தாண்டும்போது தள்ளாடுகிறது. தேங்கிய பொருளாதாரத்தைப் பார்த்தே இராத சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏன் ஜின்வூவை நேசிக்கிறார்?

மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் பதில் எளிது. இங்கே பன்னிரண்டு வயதில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. 2020 வரை டி-ஸ்கோர், உங்கள் எண் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் எனும் அடைவுநிலை 1 முதல் 8 வரை, நான்கு பாடங்களுக்குச் சேர்த்து மிகச் சிறந்தது 4, கடைசி 32. பிறர் எழுதியதைப் பொறுத்தல்லாமல் அவரவர் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே தரம். விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரிக்கும் முறையும் 2024இல் உயர்நிலை ஒன்றுக்குப் போனவர்களிலிருந்து இல்லை, பாடத்துக்குப் பாடம் தனித்தனி நிலையில் படிக்கலாம். கல்வி அமைச்சு செய்த மாற்றங்களின் திசை தெளிவானது: ஒருமுறை ஒட்டிய முத்திரை நிரந்தரமாகிவிடக் கூடாது. விழித்த நாளில் குறித்த தரத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் ஜின்வூவின் உலகம், இங்கே பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தெரிய வாய்ப்பில்லை. டியூஷனில் செலவழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கண்முன் புள்ளி ஏறினால் எப்படி இருக்கும் என்று அவர்கள் யோசிக்காமலும் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கே சலிக்கிறது

எல்லா ஓபி தொடர்களும் தேறுவதில்லை. பாதிக்குமேல் தேறாது என்றே சொல்வேன். கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. ஜால்ரா கூட்டம். நாயகன் மூச்சு விட்டாலும் வாய்பிளப்பதற்கென்றே நான்கு பேர் பக்கத்தில் நிற்பார்கள். தெரியாமல் இருப்பவர்கள் தீர்ந்துபோன பிறகும் வியப்பை மட்டும் தொடர்வது.

2. மண்டூக எதிரிகள். நாயகனின் உயரம் எதிரியின் முட்டாள்தனத்தால் வந்திருந்தால் இரண்டாவது பருவம் தாங்காது.

3. பரிசாக வரும் பெண்கள். நாயகனைச் சுற்றிக் காதலிகள் சேர்ந்துகொண்டே போவது, சில தொடர்களில் அடிமைகளை விலைக்கு வாங்கி 'அன்பாக' நடத்துவது. இந்த வகையின் ஆக மோசமான பழக்கம் இது. பெற்றோர் சங்கடப்பட்டால் நியாயம் இருக்கிறது.

4. பலத்துக்குப் பிறகு என்ன என்று யோசிக்காதது. ரிமுரு தொடர் யோசித்தது: பலத்தை வைத்து நாடு கட்டுவது, வணிக உடன்படிக்கை, அண்டை அரசுகளோடு உறவு. கொஞ்சம் அதிகமாகவே யோசித்துவிட்டது, 2024இல் வந்த மூன்றாம் பருவத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசியே ரசிகர்களைக் கொட்டாவி விட வைத்தார்கள்.

எதில் தொடங்கலாம்

புதிதாகப் பார்ப்பவர்கள் 'ஒன் பஞ்ச் மேன்' முதல் பருவத்தை எடுத்துக்கொள்ளலாம். 12 அத்தியாயம்தான், தேர்வுக் காட்சி ஐந்தாவதில். 'ஃப்ரீரன்' முதல் பருவம் 28 அத்தியாயம், நிதானமாக நகரும், அவுராவின் தராசு பத்தாவதில். 'சோலோ லெவலிங்' தொடக்கத்திலேயே கைகால் துண்டாகும், இரண்டாம் அத்தியாயம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. 'ஓவர்லார்ட்' நாயகன் நல்லவன் என்று நம்பிப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். பருவம் செல்லச் செல்ல அவர் செய்பவை கொடூரமானவை, தொடரும் அதை மறைப்பதில்லை.